மைனஸ் 22-ல் பெல்லட் கிரில்: 225 ஏறவே மாட்டேங்குது, நடுவுல அணைஞ்சும் போகுது

பனிக்காடு (வினிப்பெக்):

வணக்கம். கிரில் (அழுத்தின மரத்தூள் குச்சியான பெல்லட்டை எரிக்கிறது) ஒற்றைத் தகட்டுப் பீப்பாய் மாடல், ஹாப்பர் (பெல்லட் கொட்டுற தொட்டி) 8 கிலோ பிடிக்கும். கண்ட்ரோலர் பழைய டயல் வகை, பி-செட்டிங் (பெல்லட் போடுற இடைவெளி) உண்டு, இப்ப பி-2ல இருக்கு. கோடையில 225 ஃபாரன்ஹீட் வெச்சா பத்து பதினஞ்சு டிகிரி முன்னப்பின்ன நிக்கும். இப்ப வெளியே மைனஸ் 22 செல்சியஸ், மேற்கிலிருந்து நல்ல காத்து. ஒரு மணி நேரம் ஆகியும் 180-ஐத் தாண்டல. ரெண்டாவது மணியில 150, 140ன்னு இறங்கி, எல்.இ.ஆர். எரர் (சூடு ரொம்ப இறங்கிடுச்சுங்கிற எச்சரிக்கை) காட்டி நின்னுடுச்சு. மூடியைத் திறந்தா மஞ்சள் கலந்த கெட்டி வெள்ளைப் புகை, தீ தெரியல. இன்னும் திரும்ப ஆன் பண்ணல.

பின்வாசல் பிளக்கிலிருந்து 50 அடி எக்ஸ்டென்ஷன் வயர், 16 கேஜ். பெல்லட் மூட்டை பாதி பிரிச்சபடி அக்டோபர்ல இருந்து கராஜ்ல கிடக்கு. இன்சுலேஷன் போர்வை இல்லை.

பி-செட்டிங்கை மாத்தணுமா, போர்வை வாங்கணுமா, வயர் பத்தலையா? கராஜுக்குள்ள தள்ளி, கதவைத் திறந்து வெச்சுப் பண்ணலாமா? புது வருஷத்துக்கு ஒரு ஆட்டுத் தொடையும் (எலும்போட 2.5 கிலோ) இருபது சிக்கன் தொடையும் போடணும். அன்னைக்கும் இதே குளிர்தான் இருக்கும்னு சொல்றாங்க.

ஓக்மரம் (எட்மண்டன்):

திரும்ப ஆன் பண்ணாம இருந்தீங்களே, அதுவே பெரிய விஷயம். இப்பவும் பண்ணாதீங்க. தீ அணைஞ்ச பிறகும் ஆகர் (பெல்லட்டைத் தள்ளுற திருகு) சுத்திக்கிட்டேதான் இருந்திருக்கும். சூடு குறையுதுன்னு புரோப் (சூடு பார்க்கிற குச்சி) சொல்லச் சொல்ல, கண்ட்ரோலர் இன்னும் பெல்லட்டைத் தள்ளும். ஃபயர்பாட்ல (பெல்லட் எரியற கிண்ணம்) குவியலா பெல்லட், அடியில கொஞ்சம் கங்கு. கங்கோட சூட்டுல மேல இருக்கிற பெல்லட் எரியாம வெறும் புகையா வெந்துக்கிட்டு இருக்கு. நீங்க பார்த்த மஞ்சள் புகை அதுதான். அந்தப் புகை தீப்பிடிக்கிற வாயு. பீப்பாய் நிறைய அது இருக்கும்போது ஹாட் ராட் (பத்த வைக்கிற மின் கம்பி) பழுத்து ஒரு பொறி பட்டா, ஒரே மூச்சுல பத்திக்கிட்டு மூடியைத் தூக்கி அடிக்கும். முகத்தைக் குனிஞ்சு பார்க்கிற நேரத்துல அடிச்சா கண்ணு போயிடும்.

செய்ய வேண்டியது: பிளக்கைப் பிடுங்குங்க. ஒரு பக்கமா நின்னு மூடியைத் திறந்து வெச்சுட்டு, எல்லாம் ஆறுற வரைக்கும் விடுங்க, இந்தக் குளிர்ல முக்கால் மணி நேரம் போதும். கம்பித் தட்டு, எண்ணெய் வடியற தட்டு, அதுக்குக் கீழ இருக்கிற வெப்பத் தடுப்புத் தகடு மூணையும் எடுங்க. தோல் கையுறை போட்டுக்கிட்டு ஃபயர்பாட்ல இருக்கிறதை ஒரு பழைய கரண்டியால அள்ளி மூடி உள்ள இரும்பு வாளியில போடுங்க. வாளியை மரத் தளத்துல வைக்காதீங்க, சிமெண்ட் தரையில வைங்க. மிச்சச் சாம்பலை வாக்குவம் பண்றதா இருந்தா மறுநாள் பண்ணுங்க. சாம்பலுக்குள்ள கங்கு பல மணி நேரம் உசுரோட இருக்கும்.

ஃபயர்பாட்டோட சுவர்ல இருக்கிற சின்ன ஓட்டைகளையும் பாருங்க. காத்து அதுவழியாத்தான் வருது. சாம்பல் கட்டியாகி ரெண்டு மூணு ஓட்டை அடைபட்டிருந்தா கோடையில அது தெரியாது, தீ சமாளிச்சுக்கும். மைனஸ் 22-ல சமாளிக்காது. குளிர்காலத்துல ஒவ்வொரு தடவை பத்த வைக்கிறதுக்கு முன்னாடியும் பாட்டைக் காலி பண்ணியே ஆகணும். கோடையில நாலஞ்சு சமையலுக்கு ஒரு தடவை பண்ணா போதும்னு இருந்த பழக்கம் இங்க உதவாது.

இனி சூடு ஏன் ஏறலைங்கிறது. 225 ஃபாரன்ஹீட்னா 107 செல்சியஸ். வெளியே 25 டிகிரி இருக்கும்போது வித்தியாசம் 82. மைனஸ் 22-ல வித்தியாசம் 129. தகடு வழியா வெளியே போற சூடு இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது, அதனால காத்தே இல்லாட்டாலும் ஒன்றரை மடங்குக்கு மேல விறகு கேட்கும். கோடையில மணிக்கு 450 கிராம் தின்னும் கிரில் 700 கிராம் தின்னும். இதுவரைக்கும் கிரில் தாங்கும். காத்து வந்ததும்தான் தடுமாறும். தகட்டை ஒட்டி இருக்கிற சூடான காத்தை அது நொடிக்கு நொடி வழிச்சு எடுத்துட்டுப் போகும். கூடவே சிம்னி வாயில அடிச்சா உள்ளே ஃபேன் தள்ற காத்தோட மல்லுக்கு நிக்கும், தீ ஒரு பக்கமா சாயும். என் கணக்குல, காத்து அடிக்கிற மைனஸ் 10, அசையாத மைனஸ் 25-ஐ விட மோசம்.

அதனால போர்வைக்கு முன்னாடி இடத்தைப் பாருங்க. மேற்குக் காத்துன்னா வீட்டோட கிழக்குப் பக்கம். அந்த இடம் இல்லைன்னா காத்து வர்ற திசையில ஒரு மறைப்பு வைங்க. அதுவும் கிரில்லை ஒட்டி வேண்டாம், உங்க கையேட்டுல சுவருக்கு எவ்வளவு தூரம் விடச் சொல்லியிருக்கோ அவ்வளவு விடுங்க. மூணு பக்கம் அடைச்சு மேல தார்ப்பாய் போடுற வேலை வேண்டவே வேண்டாம். ஃபேன் காத்தை உள்ளே இழுக்கிற இடம் (பெரும்பாலும் ஹாப்பருக்கு அடியில) பனிக் குவியலுக்குள்ள புதைஞ்சிருக்கான்னும் பாருங்க.

போர்வை ஒற்றைத் தகட்டுக்கு நல்லாவே உதவும், விறகுச் செலவு கண்ணுக்குத் தெரியக் குறையும். உங்க மாடலுக்குத் தைச்சதே வாங்குங்க. சிம்னியையும் ஹாப்பர் மூடியையும் ஃபேன் துவாரத்தையும் மூடக் கூடாது. வெல்டிங் போர்வை போடுறவங்க கண்ணாடி இழை உதிர்ற மலிவு ரகத்தை விட்டுடுங்க, மூடியைத் திறக்கும்போது அந்த நார் கறி மேல விழும். ஒவ்வொரு போர்வைக்கும் உச்ச சூடு தாள்ல போட்டிருக்கும், அதைத் தாண்டி ஏத்தாதீங்க.

பத்த வெச்சு 225 தொட்ட உடனே கறியை வைக்காதீங்க. தகடும் கம்பியும் உள்ளூரச் சூடாக இன்னொரு அரை மணி ஆகும். பத்த வைக்கும்போது மூடி திறந்திருக்கணுமா மூடியிருக்கணுமாங்கிறது கண்ட்ரோலருக்குக் கண்ட்ரோலர் மாறும், கையேட்டுல பாருங்க. பழைய டயல் வகையில பெரும்பாலும் திறந்து வெச்சு, தீயோட உறுமல் கேட்ட பிறகு மூடுறதுதான்.

மின்பொறி (மினியாபொலிஸ்):

ஓக்மரம் சொன்னதற்குப் பிறகு மின்சாரப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

வயரில் குற்றம் இல்லை. ஹாட் ராட் 200 முதல் 300 வாட் இழுக்கும், ஃபேனும் ஆகர் மோட்டாரும் சேர்ந்தால் மொத்தம் 3 ஆம்பியர் என்று வையுங்கள். 16 கேஜ் செப்புக் கம்பி ஆயிரம் அடிக்கு 4 ஓம். 50 அடி போய் 50 அடி திரும்பினால் 0.4 ஓம். இழப்பு 1.2 வோல்ட், அதாவது 120-ல் ஒரு சதவீதம். இதற்காகத் தடித்த வயர் வாங்க வேண்டாம். அதே நேரம் 100 அடி, இன்னும் மெல்லிய 18 கேஜ் என்றால் இழப்பு 4 வோல்ட்டை நெருங்கும். வோல்ட்டேஜ் 3 சதவீதம் குறைந்தால் ராடின் வாட் 6 சதவீதம் குறையும், பத்த வைப்பது தாமதமாகும். வயரில் உண்மையில் பார்க்க வேண்டியது உறை. சாதாரண பிளாஸ்டிக் உறை மைனஸ் 20-க்குக் கீழே குச்சி மாதிரி விறைத்து, மடக்கினால் வெடிக்கும். உறையில் மைனஸ் 40 அல்லது மைனஸ் 50 என்று அச்சடித்த ரகம் வாங்குங்கள். இரண்டு வயர் சேரும் இடம் பனியில் கிடக்கக் கூடாது, செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

வெளி பிளக்கில் இருக்கும் கசிவுப் பாதுகாப்பு (ஜி.எஃப்.சி.ஐ.) பத்த வைத்த சில நொடியிலேயே விழுகிறது என்றால் முதல் சந்தேகம் ஹாட் ராட் மேல். ராடுக்குள் இருக்கும் வெள்ளைப் பொடி ஈரத்தை உறிஞ்சும். நாள் கணக்கில் குளிரிலும் ஈரத்திலும் சும்மா நின்ற கிரில்லில் இது சகஜம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராடின் இணைப்பை மட்டும் கழற்றி மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது விழவில்லை என்றால் ராடுதான். அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்க் காய வைத்தால் சில சமயம் தேறும், தேறாவிட்டால் புதிது. கசிவுப் பாதுகாப்பு இல்லாத பிளக்குக்கு மாற்றிப் பிரச்சினையை மறைக்க வேண்டாம், பனியில் நின்று தொடும் சாதனம் அது.

ராடின் நிலையை மல்டிமீட்டரில் பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கி, ராடின் இரண்டு வயருக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 200 வாட் ராடு சுமார் 72 ஓம், 300 வாட் ராடு சுமார் 48 ஓம் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. ராடின் முனை ஃபயர்பாட்டுக்குள் ஏறத்தாழ அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். திருகு தளர்ந்து பின்னால் நழுவியிருந்தால் ஓம் சரியாக இருந்தும் பெல்லட் பற்றாது.

அடுத்தது சூடு பார்க்கும் புரோப். உள்சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் பென்சில் தடிமன் குச்சி. அதன் மேல் புகைக் கரியும் கொழுப்பும் தடித்தால் அது மந்தமாகும். தீ ஏறியது தெரியாமல் பெல்லட்டைத் தள்ளும், பிறகு அளவுக்கு மீறி ஏறியதும் நிறுத்தும். ஊசலாட்டம் பெரிதாகும். ஒவ்வொரு சமையலுக்கும் முன் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் இணைப்பைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் முனையை விட்டு ஓம் அளந்து பாருங்கள். பெரும்பாலான கிரில்களில் இருப்பது 1000 ஓம் வகை: ஐஸ் தண்ணீரில் 1000 ஓம், கொதிநீரில் சுமார் 1385 ஓம். பத்து ஓம் வித்தியாசம் இரண்டரை செல்சியஸ். அதற்கு மேல் தள்ளிக் காட்டினால் மாற்றுங்கள், விலை அதிகமில்லை.

பி-செட்டிங் பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. வைத்த சூட்டை எட்டாத வரை கண்ட்ரோலர் பி-செட்டிங்கைப் பார்ப்பதே இல்லை, முடிந்தவரை தள்ளுகிறது. எட்டிய பிறகு தீ அணையாமல் காப்பதற்கு எவ்வளவு போட வேண்டும் என்பதும், ஸ்மோக் நிலையில் (புகைக்கான தாழ்ந்த சூட்டு நிலை) எவ்வளவு போட வேண்டும் என்பதும்தான் பி-செட்டிங். பரவலாக உள்ள வகையில் ஆகர் 15 விநாடி சுற்றும், பி-2ல் 65 விநாடி நிற்கும். மணிக்கு 675 விநாடி சுற்றுகிறது. பி-0 என்றால் 45 விநாடிதான் நிற்கும், மணிக்கு 900 விநாடி. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறகு. (வேறு சில கம்பெனிகளில் விநாடிக் கணக்கு மாறும்.) ஆகவே 180-ல் சிக்கிக்கொண்டதற்கு பி-செட்டிங் மருந்து இல்லை. எட்டிய பிறகு அணைகிறது என்றால் பி-1, பிறகு பி-0. காற்று நின்று குளிர் தணிந்ததும் பழைய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்மோக் நிலையிலேயே 200-ஐத் தாண்டும்.

பனிக்காடு:

ரெண்டு பேருக்கும் நன்றி. சொன்னபடி ஆற விட்டுத் திறந்தேன். பாட்ல விளிம்பு வரைக்கும் பெல்லட், மேல இருந்ததெல்லாம் ஒரு முனை மட்டும் கருகி மறு முனை அப்படியே மரக் கலர்ல இருக்கு. அடியில அரை அங்குலத்துக்குச் சாம்பல் அப்பமா இறுகிப் போயிருக்கு, கீழ்வரிசை ஓட்டை எல்லாம் அடைப்பு. ஹாட் ராட் 49 ஓம். மூட்டையில இருக்கிற பெல்லட்டை விரல்ல ஒடிச்சா உடையாம நொறுங்குது, அடியில தூளும் நிறைய. இதுவும் காரணமா?

அடுப்பங்கரை (ஸ்காபரோ):

தம்பி, அந்த மூட்டையை இனிப் பாவிக்க வேண்டாம். நல்ல பெல்லட்டை ஒடிச்சால் டக்கெண்டு சத்தம் வரும், உடைஞ்ச இடம் மினுங்கும். ஈரம் பட்டது புட்டு மாதிரி உதிரும். அது எரிஞ்சாலும் சூட்டிலை ஒரு பங்கு தன்ரை தண்ணியைக் காய வைக்கவே போயிடும். தூள் கூடினால் ஆகர் குழாய்க்குள்ளை போய் இறுகும்.

கறி விசயத்துக்கு வாறன். வெளியிலை மைனஸ் 22 எண்டால் கிறில்லைப் புகைக்கு மட்டும் வைச்சிருங்கோ, சூட்டுக்கு வீட்டு அவண் இருக்கு. ஆட்டுத் தொடையை ஃபொயிலிலை சுத்தின பிறகு புகை உள்ளை போகாது. அதுக்குப் பிறகு வெளியிலை மணிக்கு ஒரு கிலோ பெல்லட் எரிக்கிறது முழு வீண். அவண் சூடு வீட்டுக்குள்ளைதானே நிக்கும்.

ஆட்டுத் தொடைக்கு முதல் நாள் இரவே உப்பும் மசாலாவும் போட்டு ஃபிரிஜ்ஜிலை மூடாமல் வைச்சிருங்கோ, மேல்பக்கம் காயட்டும். தயிர் கனக்கப் போடாதேங்கோ. தயிர் மசாலா வடிஞ்சு தட்டிலை விழுந்து கருகி, அந்தக் கசப்புப் புகை கறியிலை ஏறும். தயிர் வேணுமெண்டால் துணியிலை கட்டித் தண்ணி வடிச்சுப் போட்டுப் பூசுங்கோ. ஃபிரிஜ்ஜிலை இருந்து எடுத்த குளிரோடையே கிறில்லிலை வையுங்கோ, குளிர்ந்த ஈர மேல்பக்கத்திலைதான் புகை நல்லாய் ஒட்டும். 225இலை மூண்டு மணித்தியாலம். நடுவிலை திறக்கிறேல்லை. உள்சூடு 160 ஃபாரன்ஹீட் கிட்ட வர, ரெண்டு சுத்து ஃபொயில், உள்ளை கால் கோப்பை ஆணம் அல்லது தண்ணி, நேரே 275 அவணுக்குள்ளை. 200 வந்து, கம்பி குத்தினால் வெண்ணைக்குள்ளை போற மாதிரிப் போகோணும். சூட்டு இலக்கத்தை விடக் கம்பி போற இலகுவை நம்புங்கோ, ஏனெண்டால் முத்தின ஆடு 205 வரைக்கும் இழுக்கும். சுத்தினபடியே வெறும் கூலர் பெட்டிக்குள்ளை ஒரு மணித்தியாலம். பெட்டிக்குள்ளை முதல் சுடுதண்ணி ஊத்திப் பத்து நிமிசம் வைச்சு ஊத்திப்போட்டு வையுங்கோ.

சிக்கன் தொடை வேறை கதை. 225இலை முழுக்கச் சமைச்சால் தோல் ரப்பர். உங்கடை கிறில் இந்தக் குளிரிலை 375 ஏறாது. அதாலை 225இலை 40 நிமிசம் புகை, பிறகு கம்பித் தட்டிலை வைச்சு 425 அவணிலை 20 நிமிசம் அளவு. பாதுகாப்புக்கு 165 போதும், ஆனால் தொடைக்கு 180 வந்தால்தான் எலும்போரம் சிவப்பில்லாமல் இளகும். கிறில்லுக்கும் அவணுக்கும் இடையிலை கோழியை வெளியிலை வைச்சுக் கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ, அவணை முதலே சூடாக்கி வைச்சிட்டுத்தான் எடுக்கோணும். இருபது தொடையையும் ஒண்டோடொண்டு முட்டாமல் அடுக்க ஏலாட்டில் ரெண்டு தரமாய்ப் போடுங்கோ.

ஒரு தட்டிலை தண்ணி வைச்சால் கறி காயாது. குளிர் காத்திலை ஈரமே இல்லை.

ஓக்மரம்:

அடுப்பங்கரை அக்கா சொன்ன அவண் யோசனையை நானும் ஆமோதிக்கிறேன். தண்ணித் தட்டுல மட்டும் மாறுபடுறேன். சூடேற முடியாம திணறுற கிரில்ல தண்ணி வெச்சா, அதை ஆவியாக்கவே தீயோட பலத்துல ஒரு பங்கு போயிடும். இரட்டைத் தகட்டு கிரில்னா வைக்கலாம். ஒற்றைத் தகட்டுல, இந்தக் குளிர்ல, வேண்டாம். வெச்சே ஆகணும்னா கொதிக்கிற தண்ணியா ஊத்துங்க.

மூடி திறக்கிறதைப் பத்தி இன்னும் ஒண்ணு. திறந்ததும் சூடு மேல போயிடும், மைனஸ் 22 காத்து கீழ வந்து புரோப் மேல விழும். 100 டிகிரி இறங்கிட்டதா நினைச்சு கண்ட்ரோலர் ஆகரை விடாம ஓட்டும். நீங்க மூடினதும் அந்த விறகெல்லாம் ஒண்ணா எரிஞ்சு 290, 300ன்னு போகும். அதைப் பார்த்துப் பயந்து டயலைக் குறைச்சா, அடுத்து தீ சின்னதாகி அணையும். உங்க கிரில்ல நடந்ததுல இதுக்கும் பங்கு இருக்கலாம். திறந்தா, மூடி, அரை மணி டயலைத் தொடாதீங்க.

கராஜ்: கூடாது. கதவு முழுக்கத் திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, காத்து உள்பக்கமா அடிச்சா அது வீட்டுக்குள்ள போற கதவு இடுக்கு வழியா நேரா அறைக்கு வரும். தாழ்வாரக் கூரைக்குக் கீழயும், வீட்டுக்குள்ள காத்து இழுக்கிற குழாய்க்குப் பக்கத்துலயும் வேண்டாம்.

பெல்லட்: கராஜ்ல பாதி பிரிச்ச மூட்டை ஏன் கெடுதுன்னா, காரோட ஒட்டி வர்ற பனி உருகி அங்க ஈரம் எப்பவும் இருக்கு. மூடி இறுகுற பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு வீட்டுக்குள்ள வைங்க. உள்ளேயிருந்து வெளியே கொண்டு போறதுல ஆபத்தில்லை. வெளியே குளிர்ந்து கிடந்த பெல்லட்டை உள்ளே கொண்டு வந்து உடனே திறந்தாத்தான், குளிர் டம்ளர்ல வேர்க்கிற மாதிரி அது மேல வேர்க்கும். அறைச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் டப்பாவைத் திறக்காதீங்க. அடுப்புக்கு விக்கிற சூடேத்துற பெல்லட் பாதி விலைக்குக் கிடைக்கும், அதை எடுக்காதீங்க. அதுல பைன் மாதிரி பிசின் மரம் இருக்கலாம், என்ன சேர்த்திருக்காங்கன்னு சாப்பாட்டுக் கணக்குல யாரும் பார்க்கிறதில்லை. ஓக், மேப்பிள், ஹிக்கரின்னு உணவுக்குன்னு போட்டதா எடுங்க.

சமையல் முடிஞ்சதும் ஷட் டவுன் முழுசா ஓடணும். பாட்ல இருக்கிறது எரிஞ்சு தீர ஃபேன் பத்து நிமிஷம் ஓடும். குளிருதேன்னு பிளக்கைப் பிடுங்கிட்டு உள்ளே ஓடினா, கங்கு ஆகர் குழாய் வழியா ஹாப்பரைப் பார்த்து ஊர்ந்து போகும். மறுநாள், கிரில் முழுக்கக் குளிர்ந்த பிறகு, ஹாப்பரைக் காலி பண்ணுங்க. ஆகர் குழாய்ல மிஞ்சுறதையும் விட்டு வைக்கக் கூடாது. பாட் காலியா இருக்கணும், அப்படியே சுத்த விட்டு பெல்லட் விழறது நின்ன உடனே ஆஃப் பண்ணி, விழுந்ததை அள்ளிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. அதுல ஈரம் இறங்கி உப்பினா சிமெண்ட் மாதிரி ஆகும். அதுக்கப்புறம் மோட்டாரைப் போட்டா ஆகரைப் பிடிச்சிருக்கிற சின்ன பின் அறுந்துடும். அந்தப் பின் அறுந்துபோகணும்னே வெச்சது, மோட்டாரைக் காப்பாத்த. அதுக்குப் பதிலா கெட்டி இரும்பு ஸ்க்ரூ போட்டுடாதீங்க.

உறையை (கவர்) சூட்டோட போடாதீங்க. உள்ளே ஆவி தங்கி, ராத்திரி மூடியோட உள்பக்கம் உறைபனியா நிக்கும். ரெண்டு நாள் கழிச்சு வெயில் அடிச்சா அது உருகி நேரா பாட்ல சொட்டும். மூடி ஓரத்துல ஐஸ் பிடிச்சுத் திறக்கலைன்னா கைப்பிடியை இழுத்து மல்லுக்கட்டாதீங்க, மரக் கட்டையால ஓரமா மெல்லத் தட்டினா விடும். வெந்நீர் ஊத்தினா அடுத்த நிமிஷம் இன்னும் கெட்டியா உறையும்.

கடைசியா, யாரும் சொல்லாததால சொல்றேன்: கொழுப்பு. ஆட்டுக் கொழுப்பு கை பொறுக்கிற சூட்டுலயே உறையும். உள்ளே தட்டுல எண்ணெயா ஓடுறது, வெளியே வாளிக்குப் போற குழாய் மூக்குக்கு வந்ததும் மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளையா அடைச்சுக்கும். வாளியில ஒண்ணும் விழலைன்னா சுத்தமா இருக்குன்னு அர்த்தம் இல்லை, உள்ளே தேங்குதுன்னு அர்த்தம். அந்தத் தேக்கத்தோட அடுத்த தடவை 400 வெச்சா எண்ணெய் பத்திக்கும். ஒவ்வொரு தடவையும் குழாய்க்குள்ள ஒரு மரக் குச்சியை விட்டுப் பாருங்க, தட்டைச் சுரண்டிப் புது ஃபாயில் போடுங்க. பத்திக்கிட்டா மூடியைத் திறக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, ஆஃப் பண்ணி மூடியபடியே விட்டுத் தள்ளி நில்லுங்க.

பனிக்காடு:

ஓட்டை எல்லாத்தையும் ஒரு ஆணியால குத்தி எடுத்தாச்சு. புதுப் பெல்லட்டும் உள்ளே வெச்சாச்சு. நாளைக்கு கறி இல்லாம வெறுமனே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம்னு இருக்கேன். ரெண்டு கேள்வி பாக்கி: அன்னைக்கு எவ்வளவு பெல்லட் கையில இருக்கணும்? வயர்லெஸ் தெர்மாமீட்டர் அடிக்கடி துண்டிக்குது, அதுக்கு என்ன?

மின்பொறி:

தெர்மாமீட்டர்: சாதாரண அல்கலைன் பேட்டரி மைனஸ் 20-ல் படுத்துவிடும். லித்தியம் ஏஏ போடுங்கள், மைனஸ் 40 வரை தாங்கும். வெளியே இருக்கும் பெட்டியைக் கிரில்லின் பக்கத் தட்டில் வைக்காமல், ஒரு துணிப்பையில் சுற்றி வீட்டுச் சுவர் ஓரமாகத் தொங்கவிடுங்கள். கண்ட்ரோலரின் எழுத்துத் திரை மந்தமாக மாறினால் பயப்பட வேண்டாம், திரவப் படிகத் திரை (எல்.சி.டி.) குளிரில் அப்படித்தான்.

வெறுமனே ஓட்டிப் பார்ப்பது நல்ல யோசனை. அப்போது ஆகர் சத்தத்தையும் கவனியுங்கள். கியர் பெட்டி கிரீஸ் இறுகியிருப்பதால் முதல் பத்து நிமிடம் முனகும், சூடு ஏற ஏறக் குறைய வேண்டும். முனகல் குறையாமல் நடுநடுவே நின்று துடித்தால் குழாயில் பழைய தூள் இறுகியிருக்கிறது, பிளக்கைப் பிடுங்கி ஹாப்பரைக் காலி செய்து பாருங்கள்.

ஓக்மரம்:

பெல்லட் கணக்கு: சூடேத்த முக்கால் மணி, ஆட்டுத் தொடைக்கு மூணு மணி, சிக்கன் ரெண்டு தடவை முக்கால் மணி வீதம். மொத்தம் ஐந்தேகால் மணி. போர்வை இல்லாம, கொஞ்சம் காத்தோட, மணிக்கு ஒரு கிலோ. முதல் முக்கால் மணியில முழு வேகத்துல எரியும், அதுக்கு இன்னொரு கிலோ. ஆறேகால் கிலோ வருது. ஹாப்பர் முழுக்க 8 கிலோ நிரப்பிட்டு, வாசல் பக்கம் இன்னும் ஒரு 9 கிலோ மூட்டையைப் பிரிக்காம வைங்க. ஹாப்பர்ல பாதி இருக்கும்போதே நடுவுல குழி விழுந்து ஓரமெல்லாம் சுவரா நிக்கும், ஆகருக்கு ஒண்ணும் இறங்காது. மணிக்கு ஒரு தடவை ஹாப்பர் மூடியைத் திறந்து ஒரு நீளமான மரக் கரண்டியால ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிவிடுங்க, கையை விடாதீங்க. ஆட்டை முதல்ல போடுங்க, அது அவண்ல இருக்கிற நேரத்துல சிக்கனுக்குப் புகை காட்டிடலாம். ஆடு கூலர் பெட்டிக்குப் போன பிறகு அவணை 425-க்கு ஏத்தினா சரியா இருக்கும். ஆடு அவண்ல ரெண்டு மணிக்கு மேல இழுத்தா அதுக்குத் தகுந்த மாதிரி சிக்கனை ஃபிரிட்ஜ்லயே வெச்சிருங்க, முன்கூட்டிப் புகை காட்டிக் காத்திருக்க வைக்காதீங்க.